கொஞ்சம் வெளியே நின்னுட்டு வாங்க, அம்மணி

பம்பைச் சோதிப்பது சுலபமான வேலை. அது ஓடும், இல்லையென்றால் ஓடாது, நம் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழாது.

பக்கத்தில் என் மகள் தூங்குகிறாள். ஆறு மாத விடுப்பு முடிந்து திங்கட்கிழமை நான் பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். இவளோ என்னிடம் நேரே குடிப்பாளே தவிர, எடுத்து வைத்த பாலை எதில் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். பாலாடையில் கொடுத்தேன், ஸ்பூனில் கொடுத்தேன், பாட்டிலில் கொடுத்தேன். துப்புகிறாள். நான் போய்விட்டால் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பாளோ என்று பயமாக இருக்கிறது. "வேலைய உட்டுப்போட்டு வந்துரு கண்ணு" என்று போனில் அம்மா.

பயம் வந்தால் ஜெபமாலை உருட்டுவது என் வழக்கம். இன்றைக்கு என்னவோ ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் காலேஜ் வாத்தியார் ஒருவர் கண்முன் வந்து நிற்கிறார். மெக்கானிக்கல் படித்துக் கரையேறிய சக பாவிகளே, இவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரும் பெயரும்தான் வேறாக இருக்கும்.

மரியாதையான திட்டு

காலேஜில் எங்கள் பம்பு லேபுக்குப் பொறுப்பாளர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். எங்களுக்கு அவர் பம்பு சார். திட்டும்போதுகூட 'ங்க' போடாமல் அவருக்கு வாய் வராது. நான் கான்வென்ட்டில் வளர்ந்தவள். சிஸ்டர்கள் "கெட் அவுட்" என்று கத்தினால் கல் மாதிரி நின்றிருக்கிறேன். இவர் மெதுவாக, "கொஞ்சம் வெளியே நின்னுட்டு வாங்க, அம்மணி" என்பார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும்.

முதல் நாளே அப்படி நின்றேன். ஓட்டுவதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியவள் நான். லேபில் நேராகப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டேன். மோட்டார் அலறுகிறது, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. சார் ஓடி வரவில்லை. நிதானமாக வந்து சுவிட்சை அணைத்தார். ஊரில் தோட்டமும் கிணறும் வைத்திருந்த என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்காம வேலை வாங்கறது நம்ம பக்கம் வழக்கமில்லீங்களே?"

கடவுளைவிடக் கெட்டிக்காரர்கள்

இது முதல் வருஷம். பிசிக்ஸ் சார் ரொம்பச் சாது. குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. ஊசல் குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. ஜன்னல் காற்றில் குண்டு கோலாட்டம் ஆடுகிறது, நூல் முறுக்கிக்கொள்கிறது. ஆனாலும் எங்கள் பேட்ச் முழுவதற்கும் புத்தகத்தில் போட்ட விடை அப்படியே வந்துவிட்டது. விடையிலிருந்து பின்னால் நடந்து அளவுகளை எழுதும் கலை எந்தக் காலேஜுக்கும் பொது, மறுக்காதீர்கள்.

ஒருத்தி மட்டும் தப்பான விடையோடு தலையைக் குனிந்து நின்றாள். சார் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். மற்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் கடைசி பெஞ்ச் வரை வந்தது.

"இத்தனை சுத்தமா கடவுள்கூட உலகத்தைப் படைக்கலீங்க தம்பி, போய்த் திரும்ப ஆட்டுங்க."

பேனாவைப் பிடுங்கியவர்

லேபுக்கு நாலைந்து பேராகப் பிரித்ததில் எங்கள் செட்டில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் வால்வைத் திருகுவார்கள், போல்ட்டைக் கழற்றுவார்கள். அளவுகளை அட்டவணையில் எழுதுவது என் வேலை. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கான்வென்ட் கையெழுத்து அல்லவா, அச்சடித்த மாதிரி இருக்கும்.

வெப்பவியல் எடுத்த தெர்மோ மேடத்துக்குக் கோபிதான் ஊர். டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் மொடமொடப்பான காட்டன் புடவையில் நிற்பார், ஒரு பொட்டு எண்ணெய் படாது. எங்கள் செட்டை ஓரிரண்டு வகுப்பு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் என் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பக்கத்துப் பையன் சட்டைப் பையில் செருகினார். அவன் கையிலிருந்த ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார். கனம் தாங்காமல் கை இறங்கியது. பையன்கள் "மேடம், நாங்க பண்ணிக்கறோம்" என்று ஆரம்பித்தார்கள். மேடம் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை.

"அழகான கையெழுத்துடி உனக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு வெச்சுக்கோ, இப்ப அந்த போல்ட்டைக் கழட்டு."

சாட்சி சொன்னவர்

கடைசி வருஷம் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா டெஸ்டிங்ல நாளெல்லாம் தண்ணியிலயும் கிரீஸ்லயும் நிக்கணுமேம்மா, டிசைன்ல உக்காந்துக்கறீங்களா?" என்றார். டெஸ்டிங் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வந்தவர்களுக்குக் காபி வந்ததா என்று பார்க்க உள்ளே எட்டிப் பார்த்த பம்பு சார் வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்காகக் கெஞ்சவில்லை, என் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. சும்மா ஊர்க்கதை பேசுவதுபோல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காபி சொல்லப் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

"எங்க தோட்டத்துக்குப் புதுசா வாங்கின பம்பை, இந்த அம்மணி லேப்ல ஓட்டிப் பார்த்துச் சரின்னு சொன்ன பொறவுதானுங்க நான் கிணத்துல இறக்கினேன்."

ஆசை உள்ளவர் யார்?

இது அதற்கு முந்தின வருஷம், ஆனால் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பம்பின் திறனைக் கணக்கிட்டால் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நம்ப முடியாத அளவுக்கு உசத்தியாக வந்தது. தொட்டியில் தண்ணீர் குறிப்பிட்ட கோட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்தவள் நான். நேரம் குறைந்தால் திறன் கூடும். வாட்ச் கோளாறு என்றேன், மாற்றினோம். அழுத்தம் காட்டும் கேஜ் கோளாறு என்றேன், அதையும் மாற்றினோம். கடைசியில் தொட்டியே சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பம்பு சார் என்னிடமிருந்து வாட்சை வாங்கி வேறொருவனிடம் கொடுத்து, "நீங்க கொஞ்சம் வெளியே நின்னுட்டு வாங்க, அம்மணி" என்றார். திரும்பி வந்தபோது விடை சரியாக இருந்தது. நல்ல விடை வர வேண்டுமே என்ற தவிப்பில், தண்ணீர் கோட்டைத் தொடும் முன்பே நான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. அந்த லேபின் சட்டத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கருவி மேல சந்தேகப்படறதுக்கு முன்னால ஆளை மாத்திப் பாருங்க கண்ணு, கருவிக்கு ஆசை கிடையாதுங்க, ஆளுக்குத்தான் ஆசை."

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

மேலே இருப்பதை எழுதிவிட்டுப் பேனாவை மூடியது சனிக்கிழமை. கடைசி வரியை எழுதியபோதே கை நின்றுவிட்டது. பாலாடையை மாற்றினேன், ஸ்பூனை மாற்றினேன், பாட்டிலை மாற்றினேன். எல்லாவற்றையும் நீட்டியது நான். மடியில் வைத்துக்கொண்டு, என் வாசனை மூக்கில் ஏற, நெஞ்சு படபடக்க, "குடிச்சிருடி, குடிச்சிருடி" என்று கெஞ்சியதும் நான். அதோடு, இவள் குடிக்காவிட்டால் வேலைக்குப் போக வேண்டாமே என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஆசைப்பட்டதும் நான்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பாலாடையைக் கணவர் கையில் கொடுத்தேன். என் வாத்தியார் கதைகளைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கேட்டு மனப்பாடம் ஆனவர் அவர். "நானா? எனக்கு எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியாதே!" என்று பதறினார். "அதனாலதான்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் அழுகை கேட்டது. வீட்டுக்கு ஓட எடுத்த காலைப் பிடித்து நிறுத்தினேன். அழுகை பெரிதானது. பிறகு நின்றுவிட்டது. அந்த அமைதிதான் அழுகையைவிடப் பயமாக இருந்தது.

கேட் திறந்தது. சட்டையெல்லாம் பால் சிந்தியிருக்க, தோளில் மகள் ஏப்பம் விட, காலிப் பாலாடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியபடி அவர் தெருவில் வந்தார். பம்பு சாரை ஒரு நாளும் பார்த்தவரில்லை. ஆனால் குரல் அச்சாக வந்தது.

"ஏனுங்க அம்மணி, கருவியில ஒரு கோளாறும் இல்லீங்க."

ஆக, நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன். காலேஜில் பம்பு சார் என்னை வெளியே நிற்க வைத்ததெல்லாம் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான பயிற்சிதான் போலிருக்கிறது.