அண்ணன் அடைத்த வாமடை

என் வீட்டில் நான் முதலில் குடியேறியது பஸ்ஸில் வைத்துத்தான். கீரனூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்துவிட்டால் போதும், கண் தானாகப் பாதி மூடிக்கொள்ளும். பஸ் குலுங்கும். நான் ஒரு கூடம் கட்டுவேன். மறுநாள் அதை இடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவேன். அடுப்படியைக் கிழக்கே வைப்பேன், பிடிக்காமல் தெற்கே மாற்றுவேன். இப்படிப் பல வருடம். வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டு ஓனரிடம் கேட்டு நின்றவளுக்கு, யாரையும் கேட்காமல் சுவரையே இடித்துக் கட்டுவது எத்தனை சுகம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

அந்த வீட்டுக்கு வெகுநாள் நிலம் கிடையாது. அப்பா போன பிறகுதான் அது வந்தது. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே அப்பாவுக்கு இரண்டு வயல்கள். ரோட்டை ஒட்டி மேல்வயல், அதற்கு அடுத்துக் கீழ்வயல். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுச் சேலையோடு திரும்பி வருவார்கள். நானும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். அண்ணன்தான் ஒப்பவில்லை.

"ஒம் பங்கை நீ எடுத்துக்கத்தா. எந்த வயலு வேணும்னு சொல்லு" என்றார்.

எனக்குக் கொஞ்சமாவது கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேல்வயல் என்றேன். ரோட்டை ஒட்டி இருந்ததல்லவா. பங்கு பேசிய சித்தப்பா வீட்டில் அன்று யாரும் என்னோடு பேசவில்லை. நான் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. என் பெயரில் பட்டா வந்த அன்று அந்தக் காகிதத்தைப் பஸ்ஸில் நாலு தடவை எடுத்துப் படித்தேன். அதுவரை எந்தச் சொத்துக் காகிதத்திலும் என் பெயர் அச்சாகி நான் பார்த்ததில்லை.

அடுத்த சித்திரையில், அறுப்பு முடிந்து வயல் கட்டாந்தரையாகக் கிடந்தபோது, நானும் வீட்டுக்காரரும் ஒரு பை கோலமாவோடு போனோம். கயிறு பிடித்து மாவால் கோடு போட்டோம். இது கூடம், இது அடுப்படி, இது பூஜை அறை. வெயில் சாய்ந்து கோடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. நான் வாசல் வழியாக உள்ளே போய், அறை அறையாக நின்று பார்த்தேன். காற்று நாலு பக்கமும் சுவரைத் தாண்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கோட்டின் மேலேயே நடந்தார்.

"சுவத்து மேல நடக்காதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாசலுக்குச் சுற்றிப் போனார்.

கீழ்வயலில் இருந்து அண்ணன் வந்தார். வாசல் எது என்று கேட்டார். காட்டினேன். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். ரோட்டில் போன பஸ் ஒன்றிலிருந்து யாரோ எங்களை எட்டிப் பார்த்தார்கள். வெறும் வயலில் மூன்று பேர் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த வீட்டில் நான் அன்று இருந்ததுபோல் அப்புறம் என்றும் இருந்ததில்லை.

பிளான் அப்ரூவலுக்குப் போனபோதுதான் தூக்கம் கலைந்தது. இது நஞ்சை, வீடு கட்டும் இடமாக மாற்ற அனுமதி வாங்க வேண்டும், வேளாண்மைத் துறையிலிருந்து ஆள் வந்து பார்த்து, பக்கத்து வயல்களின் பாசனம் கெடாது என்று சான்று தரவேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா நிலம், அண்ணன் மனசாரக் கொடுத்தது, என் பெயரில் பட்டா. என் நிலத்தில் நான் குடியிருக்க எதற்கு இன்னொருவர் சான்று? ஆணி அடிக்கக் கேட்டு நின்றது போதாதா?

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். திருச்சி ரோட்டில் எத்தனை வயல்கள் கொடியும் கலர்க் கல்லும் நட்ட மனைகளாக மாறிப்போனதை அதே ஜன்னல் சீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டுக்காரரிடம், இப்படியே போனால் சோற்றுக்கு எங்கே போவது, கேட்க ஒரு சட்டம் இல்லையா என்று அங்கலாய்த்திருக்கிறேன். மற்றவர்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் ஒரு யோசனை சொன்னார். நிலம் சாகுபடியில் இல்லை என்று தெரிந்தால் சான்று சுலபமாக வரும். ஒரு போகம் தரிசாகப் போடச் சொல்லுங்கள். அதுவரை இரண்டு வயலையும் அண்ணன்தான் உழுதுகொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். அவர் சரி என்றார். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று கவனிக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் பெருகியது. கோலமாவுக் கோடுகள் என்றைக்கோ கரைந்துவிட்டிருந்தன. என் கூடம், அடுப்படி, பூஜை அறை எல்லாவற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் மேகம். யாரும் உழவே இல்லை, விதைக்கவே இல்லை. ஆனாலும் போன போகத்தில் உதிர்ந்த நெல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து நின்றது. கரையில் நின்று பார்த்தால் மனசு எங்கேயோ போயிற்று. வீட்டை மறந்து ஒரு மணி நேரம் நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அங்கே தனியாக வாய்க்கால் கிடையாது. மடையில் திறந்த தண்ணீர் ஒரு வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிவிட்ட வாமடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். என் வயல் நிறைந்தால்தான் அண்ணன் வயலுக்குத் தண்ணீர். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அண்ணனுக்கும் எனக்கும் தெரியாத எதுவும் அந்த இரண்டு வயலிலும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை வேளாண்மை அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். கையில் குடை, புல வரைபடத்தின் நகல். வரப்பில் பழகிய கால், வழுக்காமல் நடந்தார். அண்ணன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என் வயலிலிருந்து அவர் வயலுக்கு இறங்கும் வாமடையைப் பார்த்தேன். சேறு வைத்து அடைத்திருந்தது. அவர் நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் கீழே நின்றது.

அதிகாரி குடை நுனியால் அந்தச் சேற்றைத் தொட்டார். "இது இப்பத்தான் அடைச்ச மாதிரி இருக்கே?"

"நண்டு ஓட்டை போட்டுருச்சுங்க" என்றார் அண்ணன்.

"அப்ப ஒங்க வயலுக்குத் தண்ணி எப்படி வருது?"

"மேக்கால இருந்து வருதுங்க. அதுக்கு வேற வழி இருக்கு."

மேற்கே இருப்பது பொட்டல் மேடு. அங்கிருந்து ஒரு சொட்டுகூட வராது. அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். அதில் வாய்க்கால் எதுவும் இல்லை. வயலுக்கு வயல் இறங்கும் தண்ணீரை யாரும் படத்தில் போடுவதில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானா மேடம்?"

சட்டம் எனக்கு முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டது, அதுவும் சரியான கேள்வி. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டிப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகப் போட்ட சட்டத்தை அவரே எனக்காக ஏமாற்றிக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வீடு வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அண்ணன் சொல்றது சரிதாங்க" என்றேன்.

பங்குனியில் அனுமதி வந்தது. லாரி லாரியாகக் கிராவல் கொட்டி ரோடு மட்டத்துக்கு நிலத்தை உயர்த்தினோம். மனசாட்சி உறுத்தாமல் இருக்க, அடியில் ஒரு குழாய் போடச் சொன்னேன். கொத்தனார் ஆறு அங்குலக் குழாய் ஒன்று போட்டார். அண்ணன் குனிந்து அதன் வாயைப் பார்த்து, "இது போதும்த்தா" என்றார். எனக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. ஒரு கண்மாயின் தண்ணீர் ஆறு அங்குலத்துக்குள் சேறும் சருகும் இல்லாமல் வந்துவிடும் என்று, அந்த மண்ணில் பிறந்த நான் நம்பினேன்.

மறு வருடம் தையில் பால் காய்ச்சினோம். விடிந்து கொஞ்ச நேரம். பனி இன்னும் விலகவில்லை. புதுப் பெயிண்ட் வாசனையும் சாம்பிராணிப் புகையும் கலந்து கூடம் கனவு மாதிரிதான் இருந்தது. சுவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பால் பொங்கியது.

புது வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து நெல் வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்து, மரக்காலில் நெல்லைக் கோபுரமாகக் குவித்து சாமிக்கு முன்னால் வைத்தார். என் நாத்தனார், "சொந்த வயல் நெல்லா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நம்ம வயலுதான்" என்றார் அண்ணன்.

நான் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். எங்கள் வயலில் விளைவது குட்டையாக, உருண்டையாக இருக்கும். இது நீளமான மெல்லிய நெல். எங்கேயோ கடையில் வாங்கியது. பின்கதவைத் திறந்து கீழ்வயலைப் பார்த்தேன். குழாய் வாய் சேறும் சருகுமாக அடைத்திருந்தது, வயலில் கோரைதான் முளைத்துக் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. விசேஷ வீட்டில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் அண்ணன் கிளம்பினார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்றேன்.

"ரெண்டு மணி ஷிப்டுத்தா. மில்லு பஸ்ஸு ரோட்டுக்கு வந்துரும். போறேன்."

அவர் மில்லுக்குப் போகிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எப்போதிருந்து என்று கேட்டேன்.

"ஐப்பசிலேருந்து" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, "வீடு நல்ல காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த ஐப்பசி முழுக்க நான் திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கி, கூடத்துக்கு டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.