கனமான ஈயச் சொம்பு

கல்யாணமாகி ஒண்ணரை வருஷத்துல என் வீட்டுக்காரிக்கு வயித்துவலி வந்துச்சு. தொண்ணூறுகளோட நடுவுல. ஊரை விட்டு வடக்கே, ஏரவாடாவுல குடியிருந்தோம். எனக்கு கேம்ப் கடைத்தெருவுல ஒரு குடோன்ல மூட்டை தூக்குற வேலை.

வலி வந்தா சுருண்டு படுத்துடுவா. முகம் சுண்ணாம்பா வெளுத்துச்சு. பிறகு வலது மணிக்கட்டு தொங்கிப் போச்சு. சீப்பு பிடிக்க முடியல. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தேன்.

காலையில பெரிய டாக்டர் வருவார். பின்னாடி அஞ்சாறு சின்ன டாக்டருங்க. டைபாய்டு இல்லை. டி.பி. இல்லை. குடல்வால் இல்லை. தினம் ஒரு நோய் இல்லைன்னாங்க. அது எனக்கு நல்ல சேதியாப் படல.

முதல் வாரம் ஆஸ்பத்திரிக் கிச்சடிதான். கொஞ்சம் தெளிஞ்சா.

"வாய் செத்துப் போச்சுங்க. ஒரு வாய் ரசம் குடிச்சா எந்திரிச்சிடுவேன்."

அவ கும்பகோணத்துக்காரி. ஈயச் சொம்புல வச்ச ரசம் வேணும். எனக்குப் புளி ஆகாது, தொட மாட்டேன். அவளுக்காக நானே வச்சு, சூடு ஆறாம சொம்போட துணியில சுத்திக் கொண்டுபோனேன்.

வார்டு ஆயா சிரிப்பாங்க. "என்ன அண்ணா, எங்க கிச்சடி உங்க மகாராணிக்கு இறங்காதா?"

ரசம் கொண்டுபோன நாலாம் நாள் வலி திரும்புச்சு. முன்னைவிட மோசம். வயித்தைத் திறந்து பார்த்துடலாம்னார் பெரிய டாக்டர். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு சின்ன டாக்டரம்மா அவ உதட்டை விலக்கிப் பார்த்தாங்க. ஈறு ஓரத்துல நீலமா ஒரு கோடு.

"பேட்டரி வேலை செய்றாங்களா? பெயிண்ட்?"

"வீட்லதான் இருக்கா."

"நாட்டு மருந்து?"

"இல்லை."

மேசை மேல சொம்பு இருந்துச்சு. தூக்கிப் பார்த்தாங்க. "இது ஏன் இவ்வளவு கனம்?"

சொன்னேன். கல்யாணச் சீர்ல வந்த சொம்பை வெறுமனே அடுப்புல வச்சு உருக்கிட்டா. அழுதா. இந்த ஊர்ல அது கிடைக்காது. வலி வர்றதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன்கிட்ட சொல்லிப் புதுசு வார்த்து வாங்கினேன். பழசைவிடக் கனம். ஆள் ஏமாத்தலைன்னு நினைச்சேன்.

டாக்டரம்மா சொம்போட அடியைக் காகிதத்துல தேய்ச்சாங்க. பென்சில் கோடு மாதிரி விழுந்துச்சு. இந்தியில சீசான்னாங்க. வெள்ளீயம் இல்லை, காரீயம். புளி பட்டா கரையும். விஷம்.

ஆபரேஷன் நின்னுச்சு. ரத்தத்துலயும் அதுவே இருந்துச்சு. ஊசி போட்டாங்க. பத்து நாள்ல வலி அடங்குச்சு.

அவகிட்ட நான்தான் சொன்னேன்.

"புதுச் சொம்பு ரசம் லேசா இனிச்சுதுங்க. நீங்க வாங்கிக் குடுத்ததாலன்னு இருந்தேன்."

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. கை மெதுவாத் திரும்பும்னாங்க. ஆனா காரீயம் ரத்தத்துல குறைஞ்சாலும் எலும்புல தங்கியிருக்கும். பல வருஷம் இருக்கும். பிள்ளை உண்டானா எலும்புல இருந்து கரைஞ்சு வயித்துப் பிள்ளைக்குள்ள போகும்.

"எத்தனை வருஷம் பொறுக்கணும்?"

"சொல்ல முடியாது. இப்போ வேண்டாம்."

ஆட்டோவுல அவ பேசிட்டே வந்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் வெயில் பட்டுச்சு அவ மேல.

"உடம்பு தேறிடுச்சுங்க. அடுத்த சித்திரைக்குள்ள ஒரு பிள்ளை பெத்துக்கணும்."

ம்னேன். ஏரவாடா வர்ற வரைக்கும் வேற ஒண்ணும் சொல்லல.