நான் அழித்த மூன்று மின்னஞ்சல்கள்

கிள்ளானில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறேன். சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் வரும். பணம் ஓர் இணையக் கட்டணச் சேவை வழியாக வந்து சேரும்.

போன வருடம் அந்தச் சேவையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்றைக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் மணியும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் லிங்கை அழுத்திக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டேன். பிறகுதான் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தேன். சேவையின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ரயிலிலேயே கடவுச்சொல்லை மாற்றித் தப்பித்தேன்.

அதன்பின் கறாராகிவிட்டேன். ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று தொடங்கினால் போலி. அவசரப்படுத்தினால் போலி. லிங்க் இருந்தால் கேள்வியே இல்லை. இந்த வருடம் அப்படி மூன்று வந்தன. மூன்றையும் அழித்தேன்.

“இனிமே என்னை யாரும் ஏமாத்த முடியாதுலா,” என்று கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் அழைத்தாள். “அக்கா, காசு அனுப்ப முடியலக்கா. உங்க அக்கவுண்ட் லாக் ஆயிருக்குன்னு வருது.”

கட்டணச் சேவையின் செயலியில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் காத்திருந்தேன். எடுத்த இளைஞர் என் குரலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“அக்கா, ஐசி காப்பி கேட்டு மூணு இமெயில் அனுப்பியிருக்கோமே. நீங்க ரிப்ளை பண்ணலையே.”

“அதுல என் பேரே இல்ல. லிங்க் வேற இருந்துச்சு. போலின்னு அழிச்சிட்டேன்.”

“அது எங்களோடதுதான் அக்கா. இன்னொன்னு அனுப்புறேன், லிங்கை கிளிக் பண்ணுங்க.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “லிங்கை கிளிக் பண்ணாதீங்கன்னு உங்க வெப்சைட்லயே போட்டிருக்கீங்க. திருடனும் நீங்களும் ஒரே மாதிரி எழுதினா நான் எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?”

அவர் குரலைத் தாழ்த்தி, “இமெயிலை விடுங்க. நீங்களே செயலியைத் திறந்து பாருங்க. உண்மைன்னா அங்கயும் மெசேஜ் இருக்கும்,” என்றார்.

இருந்தது. மூன்று முறை இருந்தது. குப்பைத்தொட்டியிலிருந்து அந்த மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தேன். முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அவர்கள்மீது வந்த கோபத்தில் பாதி என்மீதே திரும்பியது. எல்லாம் பார்த்தவள் அதை மட்டும் பார்க்கவில்லை.

ஐசியை, அதாவது அடையாள அட்டையை, படமெடுத்துச் செயலியில் ஏற்றினேன். கணக்கு திறக்க எட்டு நாள் ஆனது. அதற்கிடையில் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. என் முழுப்பெயர், பிழையில்லாத ஆங்கிலம், அவசரமே இல்லாத பணிவு. செயலியில் அப்படி எதுவுமே இல்லை. முகவரியும் வேறு. அதுதான் போலி!

கணக்கு திறந்ததும் கல்யாணப் பெண்ணை அழைத்தேன். வேறு இடத்தில் தைக்கக் கொடுத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பரவாயில்லைம்மா என்றேன். அவளுக்காக வெட்டிய துணி அப்படியே கிடக்கிறது.