மாமல்லபுரத்துக்குக் கல் சுமந்த ஞாயிறு

1977 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாலு மாதக் குழந்தை வாணியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தேன். கைக்குழந்தையோடு வெளியே கிளம்பத் தயங்கும் தாய்மார்களுக்குப் பயன்படும் என்று உடனே எழுத நினைத்தேன். மனசு வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான் போனது கடல் பார்க்க அல்ல, இரண்டு கற்களை என் பேராசிரியரிடம் ஒப்படைக்க.

கல்யாணத்துக்கு முன் நிலவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு வருஷம் ஆராய்ச்சியும் செய்தேன். பிரசவத்துக்காக நிறுத்தியபோது, அந்தமானிலிருந்து தான் கொண்டுவந்த இரண்டு கற்களைப் பேராசிரியர் கொடுத்தனுப்பினார். "வீட்ல இருந்தே பாத்து எழுது. எழுபத்தேழு பிப்ரவரியில கொண்டா, ஜூலையில உன் இடம் உனக்குத்தான்" என்றார்.

இரண்டும் கைப்பிடி அளவு. கறுப்பு குரோமைட் தாது, நடுநடுவே பாம்புத்தோல் போலப் பச்சை. ஒரு காலத்தில் கடலடிக்கும் கீழே, பூமியின் மான்டில் பகுதியில் இருந்தவை. அங்கே உருகி மேலேறிய குழம்பிலிருந்து குரோமியம் நிறைந்த மணிகள் பிரிந்து கட்டிகட்டியாகத் திரண்டன. பின்னால் அந்தக் கடல்தளமே பெயர்ந்து நிலத்தின் மேல் ஏறிவிட்டது. அப்படி ஏறிய பாறைத்தொகுதியை ஒஃபியோலைட் என்கிறார்கள். தண்ணீர் புகுந்ததும் சுற்றியிருந்த பாறை பச்சையாக மாறும், குரோமைட் மணிகளின் ஓரமும் மாறி இரும்பு மிகுந்து காந்தத்துக்கு இழுபடும். நடுப்பகுதி மட்டும் பழையபடியே இருக்கும்.

ஒரு கல் தொகுதியின் மேல்பகுதியில் எடுத்தது, இன்னொன்று ஆழப்பகுதியில் எடுத்தது. எந்தக் கல் எது என்பதைச் சொல்ல ஒரே வழி, கல்லின் மேல் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்து, அதில் கறுப்பு மசியால் எழுதியிருந்த எண். 17 மேலே, 42 ஆழத்தில்.

அந்த எண்களை நான்தான் அழித்தேன். வாணிக்குப் பல் முளைக்கும் சமயம், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போனது. ஒருநாள் பார்த்தால் கல்லை நக்கிக்கொண்டிருக்கிறாள். பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று படித்தவள் நான். கத்தியால் இரண்டையும் சுரண்டி, போதாததற்கு வெந்நீரில் போட்டுக் கொதிக்கவும் வைத்தேன். எடுத்துத் துடைக்கும்போதுதான் உறைத்தது. குறிப்பு எழுதுவதை நாளை, நாளை என்று தள்ளியிருந்ததால் கைவசம் வேறு அடையாளமும் இல்லை.

இனி பயணம். காலை 7.40 பஸ். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் குழந்தை முகத்தில் வெயில் விழாது. திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர், எழுபது பைசா. பையைத் தூக்கி ஓரமாக வைத்த கண்டக்டர், "இன்னாம்மா இவ்ளோ கனம்?" என்றார். கல் என்றேன்.

"மாபலிவரத்துக்குக் கல்லு எத்துகினு போற மொத ஆளு நீதாம்மா! அங்க கல்லு தீந்துபோச்சாமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். கழுகு பார்க்க வந்த கூட்டத்தில் நிற்க இடமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்துவந்த காந்தத்தை இரண்டு கல்லிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் இறுக ஒட்டியது, மற்றதில் லேசாகத்தான். தண்ணீர் மேலிருந்துதானே இறங்கியிருக்கும், அப்படியானால் அதிகம் மாறியதுதான் மேல்பகுதிக் கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் வெள்ளைப் பெயிண்டும் மசியும் தயாராக இருந்தன. தயாராக எடுத்துப் போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 17, 42 என்று எழுதினேன்.

டீக்கடை அம்மா எட்டிப் பார்த்தார். "கல்லுக்கு நம்பர் போட்டுகினு கீறியா? நல்லாத்தான் கீது. கொயந்த வாயில வெச்சிக்கப் போவுது, பாத்துக்கோ."

மாமல்லபுரம் இன்னும் 15 கிலோமீட்டர், எழுபத்தைந்து பைசா. பத்து மணி சுமாருக்கு இறங்கி, ஐந்து ரதம் வரை மணலில் நடந்தேன். மாணவர்களை அழைத்து வந்திருந்த பேராசிரியர் ரத நிழலில் நின்றிருந்தார். வாணியின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கற்களை வாங்கினார். என் காந்தத்தையே வாங்கி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா! பதினேழுல ஓரமெல்லாம் மாறியிருக்கு, நாப்பத்திரண்டுல அவ்வளவா இல்ல. தண்ணி மேலேருந்துதான் இறங்கியிருக்கு. நான் சொன்னப்ப யாரு நம்பினா?" பக்கத்து மாணவியிடம், "எழுதிக்கோ" என்றார்.

அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள். அவர் நிரூபிக்க நினைத்ததையே ஊகமாக வைத்துத்தான் நான் எண் போட்டிருந்தேன். இப்போது அதே எண் அவருக்குச் சாட்சியாகிறது. பேசாமல் இருந்திருந்தால் ஜூலையில் என் இடம் எனக்கு.

"சார், எழுத வேண்டாம்" என்றேன். "நம்பர் நான் போட்டது. காலையில, டீக்கடையில. பழைய நம்பரைச் சுரண்டிட்டேன். எது எதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருக்கலாம். மாணவியின் நோட்டை வாங்கி அந்த வரியைத் தானே அடித்தார். "பின்னாடி கல்லுக்கு என்ன ஆச்சுன்னு கல்லே சொல்லும்மா. எங்க பொறந்துச்சுன்னு நம்பர்தான் சொல்லணும்" என்றார். இரண்டு கற்களையும் என் பையிலேயே போட்டார். "குழந்தை வெளையாடட்டும்." காந்தத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, "ஜூலைக்கு வேற ஒருத்தரைப் பாத்துக்கறேன்" என்றார். மாணவர்களோடு அடுத்த ரதத்துக்குப் போனார்.

கடற்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வாணிக்கு அலை பிடித்திருந்தது. 1.20 பஸ்ஸில் திரும்பினேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னாம்மா, விக்கலியா?" என்றார். எழுபது பைசாவை எடுத்து நீட்டினேன்.

சொன்னதற்காக வருத்தமில்லை. டீக்கடை பெஞ்சில் எழுதியதற்கு உண்டு. அதைவிட, பல நாள் தள்ளிப்போட்ட அந்த நாலு வரிக் குறிப்புக்கு.

போகிறவர்களுக்கு: காலை முதல் பஸ்ஸையே பிடியுங்கள். வெந்நீர் பிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். ரதத்தருகே நிழல் பதினோரு மணிக்கு மேல் சுருங்கிவிடும், குழந்தைக்குத் தொப்பி அவசியம். சதுரங்கப்பட்டினம் கோட்டையையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள், கைக்குழந்தையோடு ஒரே நாளில் முடியாது. இன்னொன்று. குழந்தைக்காக எதையாவது சுரண்டி எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள், நானும் மறுபடி எடுப்பேன். ஆனால் முதலில், அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.