பெயரைச் சொல்லிவிட்ட செல்வராணி

செல்வராணி இறந்த செய்தியை அப்பாதான் பெரட்டிலிருந்து கொண்டுவந்தார். காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி சொன்னாராம்.

"கிளாக்கர் ஐயா மக போயிருச்சாம். நெருப்புக் காய்ச்சல்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல், "பெத்தவன் செஞ்ச பாவம் புள்ளையத் தின்னுருச்சு" என்றது. நான் அழவில்லை. அந்த வீட்டுக்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அழக்கூடாது.

நம் வகுப்பில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். றொசல்லயில் ரயில் ஏறி அட்டனுக்குப் படிக்க வந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால், அவளைப் பற்றி வகுப்பில் வாசிக்க எழுதித் தரும்படி டீச்சர் என்னிடம் சொன்னார். எல்லாரும் உறங்கிய பிறகு குப்பி விளக்கைத் தகரத்தால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா விழித்துக்கொண்டால் இந்தத் தாள் அடுப்புக்குள் போகும்.

பெயருக்குப் பதிலாக வரும் இங்கிலீஷ் சொற்களை டீச்சர் படிப்பித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ராமன் ராமனுடைய சட்டையைப் போட்டான், ராமன் ராமனுடைய தம்பியைக் கூப்பிட்டான் என்று கரும்பலகை நிறைய ராமன். இதில் என்ன பிழை என்று டீச்சர் கேட்டார். செல்வராணி எழுந்து, "இத்தனை தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டா ராமன் லயத்த விட்டே ஓடிருவான் டீச்சர்" என்றாள். டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு ராமனாக அழித்து ஹீ, ஹிஸ், ஹிம் என்று எழுதினோம். முதல் ராமனை மட்டும் அழிக்க விடவில்லை. ஆள் யார் என்று முதலில் சொல்லாவிட்டால் கேட்கிறவருக்கு ஒன்றும் விளங்காது என்றார்.

அன்று மாலை ரயிலில் செல்வராணி என் காதில், "அந்த மொத ராமனையும் அழிச்சிட்டா என்னடி?" என்றாள். அப்படித்தான் எங்கள் பேச்சு தொடங்கியது. பெயரே சொல்லாமல் ஹீ, ஷீ, தே என்று மட்டும் பேசுவோம். பெட்டி நிறைய ஆட்கள் இருப்பார்கள், ஒருவருக்கும் பிடிபடாது. தமிழில் அவர் என்றால் பெரியவர், அவன் என்றால் சின்னவன் என்று பாதி தெரிந்துவிடும். "இங்கிலீஷ்ல தொரைக்கும் ஹீதான், தொரை வீட்டு மாட்டுக்காரனுக்கும் ஹீதான்" என்பாள். "பேரு மட்டும் வாய்க்குள்ளயே இருக்கணும். செத்தாலும் வெளிய வரக் கூடாது."

ஒருநாள் எதிரில் இருந்த துணிக்கடை நானா, "என்ன புள்ளைகளா, படிக்கிறீங்களா, இல்ல என்னயத்தான் ஏசுறீங்களா?" என்று கேட்டார். "இல்ல நானா, உங்க கடைத் துணி சாயம் போவாதுன்னு சொல்றோம்" என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். அவர் பையிலிருந்து ஆளுக்கொரு தோடம்பழம் எடுத்துத் தந்தார். அவளோடு இருந்தால் எனக்குப் பயமே வராது.

அதனால்தான் அண்ணனைப் பற்றி அவளிடம் சொன்னேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டனுக்குப் போய்த் தொழிற்சங்கத்து ஆட்களைப் பார்த்துவந்தார். எங்கள் தோட்டத்திலும் சங்கம் தொடங்க ஆள் சேர்த்தார். தோட்டத்தை நடத்தும் தொரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாங்கள் வெறும் ஹீதானே சொன்னோம்.

ஒரு மாலை அவள் வீட்டு வாசலில் நின்று அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களை அவன் மறுபடி சந்தித்தான், இந்த முறை நிறையப் பேர் வந்தார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். கிளாக்கர் ஐயா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயிலில் இருப்பவர்களைப் போல அவரும் இங்கிலீஷ் தெரியாதவர் என்று எப்படி நினைத்தேனோ.

அந்த வாரமே அண்ணனை வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அவர் வலப்பனைப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் றொசல்ல ஸ்டேஷனில் செல்வராணி என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"நீயாடி சொன்ன?"

"அப்பா கேட்டாரு. யாரு அந்த ஹீன்னு."

"அடிச்சாரா?"

"இல்ல."

"மெரட்டினாரா?"

"இல்லடி. கேட்டாரு, சொல்லிட்டேன்."

அடித்ததால் சொன்னேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

அதோடு முடியவில்லை. கிளாக்கர் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுக்கும் சின்னையா மாமாதான் காட்டிக்கொடுத்தார் என்று லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். "புல்லுக்கட்டோட பேரையும் சேத்துக் கட்டிக் குடுத்தியா?" என்று என் அப்பாவே அவரைக் கேட்டார். "சாமி சத்தியமா நான் இல்லண்ணே" என்று மாமா எங்கள் வாசலில் நின்று கும்பிட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மாமியின் குடத்தை ஒதுக்கித் தள்ளுகிறார்கள். எல்லாரும் பிடித்துப் போன பிறகுதான் அவருக்குத் தண்ணீர்.

இதைச் செல்வராணியிடம் சொன்னேன். மாமா இல்லை என்று மட்டுமாவது உங்கள் வீட்டிலிருந்து யாரையாவது சொல்லச் சொல் என்று கெஞ்சினேன். அவள், "விடுடி. யாரோ சொன்னாங்கன்னே இருக்கட்டும்" என்றாள். பெயரைச் சொன்னதைவிட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு வேறு பெட்டியில் ஏறினேன். சில நாளில் அவள் ரயிலுக்கே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வந்து சொல்வாள், எப்படியும் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். அவளை நல்லவள் என்று மட்டும் எழுதினால் உங்களுக்கும் சந்தோஷம், டீச்சருக்கும் சந்தோஷம். மாமிக்குத் தண்ணீர் கிடைக்காது.

வகுப்பில் சேர்ந்த புதிதில் டீச்சர் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். செல்வராணி என் விலாவில் இடித்து, "பிழைன்னாலும் சத்தமாச் சொல்லு. நடுங்கிக்கிட்டாவது சொல்லு" என்பாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். அவள்மேல் உள்ள கோபமும் இருக்கிறது. அது நான் வைத்துக்கொண்டது இல்லை, போகாமல் இருப்பது.

காலையில் பீலியடியில் எல்லாரும் நிற்கும்போது மாமியின் குடத்தை எடுத்து முதலில் வைப்பேன். மாமா சொல்லவில்லை, செல்வராணி சொன்னாள் என்பேன். அவளுக்கு யார் சொன்னது என்று அடுத்துக் கேட்பார்கள். அப்பாவும் அங்கே நிற்பார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வர விட்டார்களானால், இந்தத் தாளை உங்களிடம் தருவேன்.