வாரண்டி உள்ள புல்

தெருவில் எல்லோரும் அவரைப் புல்லுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். மாட்டுத் தீனி விற்பவர் என்று நினைத்து, விசாரித்துக்கொண்டு வந்து ஏமாந்து போனவர்களும் உண்டு. அவர் விற்பது மாடு தின்னாத புல். பாய் மாதிரி சுருட்டி வரும் பிளாஸ்டிக் புல். கடைக்குள் நுழைந்தால் கண்ணுக்குப் பச்சைப் பசேலென்று இருக்கும், மூக்குக்குச் செருப்புக் கடை மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் ஜன்னல் திரை விற்றார், தரைவிரிப்பு விற்றார். எதை விற்றாலும் அதைப் பற்றி வாய் கிழியப் பேசுவார். புல்லுக்கு வந்தபோதுதான் அவருக்கு யோகம் அடித்தது. ஊரில் மண் தெரிந்த இடத்தையெல்லாம் ஜனங்கள் சிமென்ட் போட்டு மெழுகிவிட்டு, அப்புறம் பச்சையையே காணோமே என்று ஏங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஏக்கத்தை இவர் அளவெடுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்தார்.

மழலைப் பள்ளிகள்தான் அவருடைய முக்கிய வாடிக்கை. பள்ளி நடத்துகிறவர்கள் முன்னால் போய் நின்றால் ஒரு பேச்சு வைத்திருப்பார். எங்கே படித்தாரோ, யார் சொல்லிக் கேட்டாரோ, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

“சின்னப் பிள்ளைங்க தினமும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கணும் மேடம். புல்லு, செடி, மண்ணுன்னு பழகினா கண்ணுக்கு நல்லது. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க. பயம் தெளியும். மேடு பள்ளத்துல விழுந்து எழுந்தாதான் கால் பலப்படும். நாலு சுவத்துக்குள்ளயே வளர்ற பிள்ள எப்படி மேடம் வளரும்?”

அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்புச் சொல்ல முடியாது. சொல்லி முடித்த கையோடு சுருளை விரித்து, “இதப் போட்டுட்டா மண்ணுங்கற தொல்லையே இல்ல மேடம். சேறு வராது, பூச்சி வராது, புல்லு முளைக்காது. வாரண்டி உண்டு” என்பார். கேட்பவர்களுக்கும் உறைக்காது, சொல்பவருக்கும் உறைக்காது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, உடனே அளவெடுக்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் அப்படியொரு பொருத்தம்.

தன் மகள் படிக்கும் பள்ளிக்கும் அவரே புல் போட்டார். அந்தப் பள்ளியின் கதையைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. முதலில் புல். வெயில் ஏறினால் பிளாஸ்டிக் புல் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். ஆகவே மேலே தகரக் கூரை போட்டார்கள். கூரை போட்டதும் இருட்டிவிட்டது. ஆகவே பட்டப்பகலில் டியூப்லைட் எரியவிட்டார்கள். முட்டி உரசிப் புண்ணாகாமல் இருக்கக் குழந்தைகளுக்கு ஷூவும் முழுக்கால் சட்டையும் கட்டாயம். சுவரில் வரைந்த மரம். ஸ்பீக்கரில் குருவிச் சத்தம். இத்தனையும் சேர்ந்ததற்குப் பெயர் இயற்கை நேரம். பெற்றோர்கள் பூரித்துப்போய் போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அங்கே புல் போடும்போது நம்மவர் தன் கைவரிசையையும் காட்டியிருந்தார். புல்லுக்கு அடியில் களை முளைக்காமல் இருக்கக் கறுப்புத் துணி ஒன்று விரிப்பது முறை. சுவரோரம் வரும்போது துணி தீர்ந்துவிட்டது. வண்டியில் கிடந்த பழைய சாக்குகளைப் பிரித்துப் போட்டு மூடினார். “யாரு புரட்டிப் பாக்கப் போறாங்க?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேலே புல்லை ஒட்டி, மணலைத் தூவி, பிரஷ் போட்டு இழைகளை நிமிர்த்திவிட்டு வந்துவிட்டார். மகள் படிக்கும் பள்ளி என்பதெல்லாம் கை நீளும்போது ஞாபகத்துக்கு வராது போலிருக்கிறது.

மகள் என்றால் அவருக்கு உயிர். அதில் மட்டும் போலி கிடையாது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். குழந்தையைத் தரையில் கால் படாமல் வளர்த்தேன் என்று பலரும் பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் நிஜமாகவே அப்படி வளர்த்தார். வாசலிலிருந்து வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போவார், வண்டியிலிருந்து பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவார். கையில் தூசி பட்டால் துடைக்க ஈரக் காகிதம் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

அந்தக் குழந்தை ஐந்து வயதாகியும் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுத் தரையில் நன்றாகத்தான் நடக்கும். தெருவோரம் கொஞ்சம் சரிவாக இருந்தால், நாலு கல் கிடந்தால், அப்படியே நின்றுவிடும். அடுத்த அடி வைத்தால் விழும். விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. இரண்டு கையையும் மேலே தூக்கி, “தூக்குப்பா” என்று அழும். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளுக்குத் ‘தூக்குப்பா’ என்றே பெயர் வைத்துவிட்டன.

காலில் ஏதோ கோளாறு என்று புல்லுக்காரர் நடுங்கிப்போனார். தடித்த அடி வைத்த ஷூ வாங்கிப் போட்டார். அதைப் போட்டதும் இன்னும் அதிகமாக விழுந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குத்தான் பொறுமை தீர்ந்தது.

“என்னங்க, நீங்களா ஒரு வியாதியக் கண்டுபிடிச்சு நீங்களா வைத்தியம் பண்ணிட்டு இருக்கீங்க. வாங்க, டாக்டர்கிட்ட போவோம்.”

குழந்தை டாக்டர் ஒரு அவசரக்காரப் பெண்மணி. காலைப் பிடித்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், ஷூவைக் கழற்றிவிட்டு அறைக்குள் நடக்கச் சொன்னாள். பிறகு அந்த மெத்தென்ற பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “காலுக்கு ஒண்ணும் இல்ல சார். இந்தக் கால் தரையையே பார்த்தது இல்ல” என்றாள்.

“அப்படின்னா டாக்டர்?”

“சின்னப் பிள்ளைங்க தினமும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கணும் சார். புல்லு, மண்ணுன்னு வெறுங்கால்ல பழகணும். மேடு பள்ளத்துல விழுந்து எழுந்தாதான் கால் பலப்படும். பயமும் தெளியும். ராத்திரி நல்லாத் தூங்குவா.”

புல்லுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். தன் வாயிலிருந்து அன்றாடம் வரும் சரக்கு அடுத்தவர் வாயிலிருந்து தனக்கே விற்கப்படுவதை அவர் அதுவரை கண்டதில்லை.

“ஸ்கூல்ல தினமும் புல்லுலதான் டாக்டர் விளையாடறா” என்றார், ரோஷத்தோடு.

“என்ன புல்லு?”

அவர் குனிந்து மகளுக்கு ஷூவை மாட்ட ஆரம்பித்தார். மனைவிதான் சொன்னாள். “இவர் போட்ட புல்லு டாக்டர். பிரஷ் போட்டாதான் நிமிரும்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள். வெளியே வந்து மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மனைவி மருந்துக் கடைக்கும் அவர் தன் கடைக்கும் போனார்கள்.

அவர் கடையைத் திறந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பள்ளியிலிருந்து போன். பேசியது பள்ளியை நடத்தும் அம்மாள்.

“என்ன சார் அநியாயம் இது? உங்க புல்லுல புல்லு முளைச்சிருக்கு!”

கத்தியும் களைக்கொல்லி பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஓடினார். கூரைத் தண்ணீர் சொட்டும் சுவரோரம், வெயிலும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும் இடம். அடியில் சாக்கு மக்கிப்போயிருந்தது. மண் பொங்கி மேடு தட்டியிருந்தது. இரண்டு சுருள்களை ஒட்டிய இடத்தைப் பிளந்துகொண்டு நிஜமான புல் கொத்துக் கொத்தாக வெளியே வந்திருந்தது. ஸ்பீக்கரில் குருவி கத்திக்கொண்டே இருக்க, அதைச் சட்டை செய்யாமல் அத்தனை குழந்தைகளும் அந்த மூலையில் குந்திக்கொண்டு ஒரு எறும்பு போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவருடைய மகள் குந்தியிருக்கவில்லை. ஷூ ஒரு பக்கம் கிடந்தது. அந்த மேட்டின் மேல், வெறுங்காலோடு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றுகொண்டிருந்தாள். கால் விரல்கள் புல்லை இறுக்கிப் பிடித்திருந்தன. உடம்பு இப்படி ஆடியது, அப்படி ஆடியது. விழவில்லை.

“ஷூவப் போடு!” என்று கத்த வாய் திறந்தவர் அப்படியே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகைதான். வேறு பெயர் வைத்து மறைப்பானேன்?

“அப்பா, பாருப்பா! இது வளருதுப்பா!”

“பார்த்தீங்களா சார்?” என்று அம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். “வாரண்டி இருக்குன்னு சொன்னீங்க. ஒண்ணு விடாம பிடுங்குங்க. அடியிலயும் புரட்டிப் பாருங்க, என்ன போட்டிருக்கீங்கன்னு நானும் பாக்கறேன்.”

பிடுங்கினால் வாரண்டி நிற்கும், மகள் நிற்க மாட்டாள். பிடுங்காவிட்டால் அம்மாளே ஆள் வைத்துப் புரட்டுவாள், சாக்கு வெளியே வரும். இந்தப் பள்ளி போனால் மற்ற பள்ளிகளும் போகும். யோக்கியமான மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். புல்லுக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் வாய்தான் முந்திக்கொண்டது.

“பிடுங்கறதா? என்ன மேடம் நீங்க! உயிரோட இருக்கற புல்லு மேடம் இது. இந்த ஊர்ல வேற எந்த ஸ்கூல்லயாவது இருக்கா சொல்லுங்க. இதுக்குன்னுதான் இந்த ஓரத்துல மட்டும் துணி போடாம விட்டேன்.”

அம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். வேறு எந்தப் பள்ளியிலும் இல்லை என்பது மட்டும் அவள் காதில் சரியாக விழுந்தது.

“அப்போ இதுக்கும் வாரண்டி உண்டா?”

“இதுக்கு எதுக்கு மேடம் வாரண்டி? செத்தாலும் தானா முளைக்கும்.”

“அப்படின்னா இந்த ஓரம் முழுக்கவே பண்ணிக் குடுங்க” என்றாள் அம்மாள், தானே கண்டுபிடித்த மாதிரி.

களைக்கொல்லியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, புல்லுக்காரர் மண்டியிட்டுத் தான் போட்ட புல்லைத் தானே அறுத்தெடுத்தார். மக்கிய சாக்கை யாரும் பார்ப்பதற்குள் சுருட்டினார். அடியிலிருந்து ஈர மண்ணும் ஒரு மண்புழுவும் வெளிப்பட்டதும் குழந்தைகள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் குருவி தோற்றுப்போனது. மகள் மேட்டிலிருந்து இறங்கும்போது குப்புற விழுந்தாள். அவர் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் சாக்கு. தூக்க முடியவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி அவரைப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கையை மண்ணில் ஊன்றித் தானே எழுந்தாள்.

“ஒட்டுதுப்பா” என்று சேற்றுக் கையைக் காட்டினாள்.

“ஒட்டட்டும்” என்றார்.

இதனால் மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றும் பிளாஸ்டிக் புல்தான் விற்கிறார். மகள் இப்போது பள்ளிவிட்டதும் கடைக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் மணல் குவியல் ஏறி இறங்கி, முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்து நிற்கிறாள். புல்லுக்காரர் மற்ற பள்ளிகளுக்குப் போய் அதே பேச்சைப் பேசுகிறார். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் முன்பு அது வெறும் வியாபாரப் பேச்சு என்று நினைத்திருந்தார், மடமடவென்று வந்தது. இப்போது அத்தனையும் நிஜம் என்று அவருக்கே தெரிந்துபோய்விட்டது. “விழுந்து எழுந்தாதான் கால் பலப்படும்” என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு தடுக்கி நிற்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறார். பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் சுருளை விரிக்கிறார்.