எங்கம்மா எளைச்ச வருஷம்

"எளைச்சிட்டீங்களே, இன்னா பண்ணீங்க?"ன்னு யாராவது பல்ல இளிச்சிக்கினு கேட்டா எனக்கு இப்பவும் ஓங்கரிப்பு வரும். கேக்குறவங்க நல்ல மனசோடதான் கேக்குறாங்க, தெரியும். இருந்தாலும் வருது. எங்கம்மா உள்ளுக்குள்ள அழிஞ்சிக்கினு இருந்தப்ப ஊரே அவங்களப் பாத்து இப்படித்தான் இளிச்சிது.

அப்ப எனக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருந்தாங்க. கள்ளக்குறிச்சியில எங்க அத்தாவுக்கு, அப்பாவ அப்படித்தான் கூப்புடுவோம், மண்டி. கல்வராயன் மலையிலேர்ந்து கடுக்கா, புளி, தேன் எல்லாம் எங்ககிட்ட வந்து எறங்கும். முன்னால மண்டி, பின்னால வூடு. உளுந்தூர்பேட்டையில லாரி சாமான் கடை வச்சிருந்தவங்க வூட்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. பிரியாணிய ரெண்டாவது தரம் வாங்கி, எலும்ப உறிஞ்சி, தட்டு ஓரத்துல துப்பி வச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா நெய் வழியிற வெரல ஒண்ணொண்ணா நக்கிக்கினே எங்கம்மாவோட பெருத்த ஒடம்ப மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க.

"பொண்ணுகிட்ட கொற ஒண்ணும் இல்லீங்க. ஆனா பெத்தவங்களப் பாத்தா, நாளைக்கு இதுவும் எப்படி ஆவும்னு தெரிஞ்சிடுதே!"

வந்த கூட்டம் பூரா சிரிச்சிது. எங்கம்மாவும் கூடச் சேந்து சிரிச்சாங்க. அந்த பிரியாணிய விடியக்காலையிலேர்ந்து அடுப்புல நின்னு ஆக்கினவங்க அவங்க. எனக்கு அந்தத் தட்டெல்லாம் எடுக்கவே கை வரல.

இருந்தும் சம்பந்தத்துக்குச் சரின்னுட்டுத்தான் போனாங்க. மறுநாளே அம்மா எளைக்க ஆரம்பிச்சிட்டாங்க. காலையில வெந்நீர்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சி, மலைத்தேன் ரெண்டு கரண்டி ஊத்திக் குடிச்சாங்க. தேன் ஒடம்பக் கரைக்கும்னு தெருவுல எல்லாரும் சொன்னாங்க. அத்தா கரியாலூர்லேர்ந்து வந்த தேன்ல ஒரு டின்ன அப்படியே அடுப்படிக்கு அனுப்பி வச்சாரு. ராத்திரிச் சோறு நின்னு போச்சு. நல்லதுதான் நடந்துது, அதையும் சொல்லணும். முட்டி வலி கம்மியாச்சு, மாடி ஏறினா மூச்சு வாங்கல. நானே சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி மண்டிக் கதவு சாத்தியிருக்கும்போது, மூட்ட நிறுக்குற பெரிய தராசுல அம்மாவ ஏத்தி நிறுத்துவாரு அத்தா. குண்ட நகத்தி நகத்திப் பாத்துட்டு, "காய்வு நல்லா இருக்கு"ம்பாரு. பச்ச சரக்கு ஈரம் காஞ்சா எடை கொறையும், கொறஞ்சா சரக்கு தெறமா ஆவும். அதுதான் அவரு தொழில் கணக்கு. பொண்டாட்டிக்கும் அதே கணக்கு. அம்மா தராசு மேல நின்னு வெக்கப்பட்டு சிரிப்பாங்க.

அதுக்கு அப்புறம்தான் விஷயம் மாறிப்போச்சு. பசி தாங்கலன்னு அம்மா பழையபடி சாப்பிட ஆரம்பிச்சாங்க. பழையபடி இன்னா, அத விட ஜாஸ்தி. குண்டான்ல இருக்குற சோத்த வழிச்சித் தின்னாங்க. சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாங்க. எடை மட்டும் எறங்கிக்கினே போச்சு. தின்னத் தின்ன எளைக்கிற அதிசயம் எங்கனா உண்டா? எங்க வூட்ல அத அதிசயம்னுகூட யாரும் நெனைக்கல. தேன் வேலை செய்யுதுன்னாங்க.

கக்கூசுல தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவினாலும் எறும்பு சாரை சாரையா வந்துது. ஒரு நாள் நான் பாத்துட்டு வாந்தியே எடுத்துட்டேன். செருப்பு கடிச்ச புண்ணு கால் கட்ட வெரல்ல ஆறாம சீழ் கோத்துக்கினு கெடந்துது. அம்மா அதுமேல மஞ்சத்தூள அப்பிக்கினு ஈ ஓட்டுவாங்க. கிட்டப் போனா வாயில அழுகின கொய்யாப்பழ வாட. இந்த வாடையோடதான் கல்யாண வூட்டுக்கெல்லாம் போவாங்க, அங்க இருக்குறதுங்க கன்னத்தக் கிள்ளி, "புதுப்பொண்ணாட்டம் ஆயிட்டீங்களே!"ங்கும். கன்னத்துல கிள்ள இன்னா இருந்துது? தோலு. சீ!

"அத்தா, டாக்டர்கிட்ட காமிக்கலாம்"னேன்.

"நல்லாத்தானே இருக்கா? நிக்காஹ் முடியட்டும், பாக்கலாம்."

மாப்பிள்ளையோட அம்மா தேதி பேச வந்தாங்க. எங்கம்மாவ வாசல்ல நிக்க வச்சி சுத்திச் சுத்திப் பாத்தாங்க, ஆட்டுச் சந்தையில பாக்குற மாதிரி. "இப்பத்தான் எனக்கு சம்பந்தி மாதிரி இருக்கீங்க"ன்னாங்க. எங்கம்மா மூஞ்சி அப்படி மலர்ந்துது. நான் உள்ள போயி அடுப்படிச் செவுத்துல முட்டிக்கினேன்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டு சனங்க ரோட்ட மறிச்சிது. பஸ்சு ஓடல, கச்சிராயபாளையத்துல எங்க சரக்கு அப்படியே நின்னுபோச்சு, ரோடு நெடுக மரத்த வெட்டிச் சாச்சிட்டாங்க. மண்டி சாத்தியிருந்த அந்த வாரத்துல ஒரு மத்தியானம் அம்மா ஓயாம வாந்தி எடுத்தாங்க. மூச்சு இழுத்து இழுத்து வந்துது. அதே கொய்யா வாட வூடு பூரா அடிச்சிது. பேசினா பதில் இல்ல.

நம்ம ஊர் டாக்டரு வாசல்ல கால் வச்ச உடனே மூக்கச் சுளிச்சாரு. ஒண்ணுக்கு வாங்கி சூடு பண்ணிப் பாத்தாரு. "சர்க்கர முத்திப் போச்சு. எவ்ளோ நாளா எளைக்கிறாங்க?"

"அவளாத்தான் எளைச்சா டாக்டர், கல்யாணத்துக்கோசரம்"னாரு அத்தா.

"பட்டினி கெடந்து எளைச்சா சரி. வயிறு முட்ட தின்னுட்டு எளைச்சா இன்னான்னு கேக்க வேணாமா? தின்னது ரத்தத்துல சர்க்கரையா நிக்குது, ஒடம்புக்குள்ள போவல. ஒடம்பு தன் சதையத் தானே தின்னுக்கினு இருக்குதுய்யா! இதுல தேன் வேறயா?" ஒரு ஊசியப் போட்டுட்டு, ஒடனே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவச் சொன்னாரு.

வாடகைக் காருல போனோம். உளுந்தூர்பேட்டைக்கு இந்தாண்டயே ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்க கெடந்துது. மறியல் பண்ணிக்கினு இருந்தவங்க கூலிக்குப் போற சனங்கதான். சீக்குக்காரங்கன்னதும் எழுந்து வந்தாங்க. மரத்த நகத்த முடியல. அந்தப் பக்கம் மாட்டிக்கினு நின்ன ஒரு டெம்போக்காரன்கிட்ட அவங்களே பேசி வண்டியத் திருப்ப வச்சாங்க. அம்மாவ மரத்தத் தாண்டித் தூக்கிக்கினு போவணும். நாலு பேரு கை குடுக்க வந்தாங்க. அதுக்குள்ள அத்தா தனியாவே தூக்கிட்டாரு.

தூக்கின உடனே அவரு மூஞ்சி செத்துப்போச்சு. வாழ்நாள் பூரா மூட்ட புரட்டின கை, அதுக்குக் கனம் தெரியாதா? "இவ்ளோதானா? இவ்ளோதானாம்மா?"ன்னு என்னையே கேட்டாரு.

எனக்கு வெறியே வந்துடுச்சி. அத்தன பேர் எதிர்ல கத்தினேன். "ஒரு மூட்ட எடை கொறஞ்சா உள்ள வண்டு இருக்கான்னு பிரிச்சிப் பாப்பீங்கல்ல? அம்மாவ ஏன் பாக்கல?" அவரு அம்மாவ அணைச்சிக்கினு மரத்து மேல ஏறினாரு.

பொழச்சாங்க. கட்ட வெரல எடுத்துட்டாங்க. தெனம் இன்சுலின் ஊசி, தானே போட்டுக்கக் கத்துக் குடுத்து அனுப்பினாங்க. மருந்து பாட்டில சூடு படாம ஈரப் பானைக்குள்ள வச்சிருப்போம். ஊசி போடப் போட மூஞ்சியில சதை வந்துது, வாட போச்சு. எங்கம்மா எங்கம்மாவா ஆனாங்க. ஒத்திப்போட்ட நிக்காஹ்வுக்கு மறுபடியும் தேதி குறிக்க மாப்பிள்ளையோட அம்மா வந்தாங்க. கால் வெரலு இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கல.

"ஐயய்யே, மறுபடியும் ஒடம்பு போட்டுட்டீங்களே! நாலு பேரு வர்ற எடத்துல நல்லாவா இருக்கும்?"

தூ! அந்த வாயில ஒரு கரண்டி நெருப்ப வைக்கலாம்னு இருந்துது.

கொஞ்ச நாள் போச்சு. அம்மாவுக்கு ரவிக்க தொளதொளன்னு ஆச்சு. ஒரு நாள் காலையில தல வாரி வுடக் குனிஞ்சா, அதே கொய்யா வாட. பானையில கைய வுட்டு பாட்டில எடுத்துப் பாத்தேன். மருந்து அப்படியே இருந்துது.

"ஏம்மா? ஊசி போடலியா நீ?"

அம்மா தலையக் குனிஞ்சிக்கினாங்க. "அத போட்டாத்தாண்டி ஏறுது. உன் நிக்காஹ் முடியிற வரைக்கும்தான். அப்புறம் தெனம் போட்டுக்கிறேன்."

எனக்கு அழுககூட வரல. அந்த உளுந்தூர்பேட்டைப் பொம்பள மேல, தெரு மேல, நிக்காஹ்ங்கிற வார்த்த மேலயே அருவருப்பா வந்துது. பாட்டில அப்படியே எடுத்துக்கினு மண்டிக்குப் போனேன். அத்தா முன்னால வச்சேன். அம்மா சொன்னதச் சொன்னேன். "எனக்கு இந்த எடம் வேணாம்"னேன். அத்தா அந்தப் பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. அப்புறம் போன எடுத்து உளுந்தூர்பேட்டைக்குப் பேசினாரு. "நம்ம ரெண்டு வூட்டுக்கும் சரிப்படாதுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாரு.

அம்மா தரையில ஒக்காந்து மார்ல அடிச்சிக்கினாங்க. "உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனே பாவி!" நான் ஊசியக் கொதிக்க வச்சி எடுத்துக்கினு வந்து, "கைய நீட்டு"ன்னேன். அழுதுகினே நீட்டினாங்க. தோலக் கிள்ளிப் புடிச்சிப் போடணும், தோலுக்கடியில ஒண்ணுமே சிக்கல. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு தடவிக்கினு இருந்தேன்.

அம்மா அழுகைய நிறுத்திட்டு, பொடவைய வெலக்கித் தொடையக் காமிச்சாங்க. "இங்க போடு. இங்க கொஞ்சம் மிச்சம் இருக்குது."